மரத்தடி மகாசபை

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலைப் பாதையில் பஸ் ஏறிப் போகிறவர்களுக்கு ஜவ்வாது மலை என்றால் சாமை வயல்களும் பலா மரங்களும் தேனும் ஞாபகத்துக்கு வரும். இன்னும் சிலருக்குக் காவலூர் வான ஆராய்ச்சிக் கூடமும், அங்கே 1986-ஆம் வருஷம் முதல் வானத்தை அண்ணாந்து பார்த்துக் கொண்டிருக்கும் பெரிய தொலைநோக்கியும் ஞாபகத்துக்கு வரும். நமக்கோ சில காலமாக அந்த மலையை நினைத்தால் ஒரு புளிய மரந்தான் கண் முன்னே நிற்கிறது. நட்சத்திரங்களை விட்டுவிட்டுப் புளிய மரத்தைப் பற்றி எழுதுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். அந்த மரத்தின் நிழலுக்குள் ஒரு பெரிய ராஜ்ய விவகாரம் அடங்கியிருந்தது, அதனால்தான் எழுதுகிறோம்.

மலைவாசிகளின் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது நமது உத்தியோகம். 2023-ஆம் வருஷம் காந்தி ஜயந்தியன்று நாம் இருக்கும் சிற்றூரில் கிராம சபை கூடியது. ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் ஊரார் நம்மீது கோபித்துக் கொள்வார்கள். அந்தக் கோபத்திலும் நியாயம் உண்டு.

கிராம சபை என்பது இன்னதென்று பட்டணத்து நேயர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 1994-ஆம் வருஷத்துத் தமிழ் நாடு ஊராட்சிகள் சட்டப்படி, வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அச்சபையின் அங்கத்தினர். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி ஆகிய நான்கு நாட்களில் கூடி வந்த சபை, 2022 முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய இரண்டு நாட்களையும் சேர்த்து வருஷத்துக்கு ஆறு முறை கூட வேண்டும் என்று ஏற்பட்டது. டில்லிப் பார்லிமெண்டில் நம் குறையைச் சொல்ல வேண்டுமானால் நமக்காக ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். இங்கே அந்தச் சிரமம் இல்லை. எழுந்து நின்றால் போதும், பேசலாம். அப்படித்தான் நாம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி வந்தோம்.

அன்று சபை கூடிய இடம் அம்மன் கோயில் திடல். புளிய மரத்தடியில் இரண்டு மேஜைகள், ஆறு நாற்காலிகள், ஒரு மைக். மேஜைக்குப் பின்னால் ஊராட்சித் தலைவரும் செயலரும், பற்றாளராக வந்திருந்த ஓர் உத்தியோகஸ்தரும் அமர்ந்திருந்தார்கள். கூட்டம் ஆரம்பிக்குமுன் பூசாரி கற்பூரம் காட்டினார். மேஜைக்கும் தீர்மானப் புத்தகத்துக்கும் குங்குமம் இட்டார். கடைசியில் மைக்குக்கும் ஒரு பொட்டு வைத்தார். மைக்குக்குப் பொட்டு வைத்ததை நாம் மிகவும் ரஸித்தோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

குடி தண்ணீர், சாலை, நூறு நாள் வேலைக் கூலி என்று வழக்கமான விஷயங்கள் முடிந்து, கையெழுத்து வாங்கும் சமயத்தில், பின் வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். ஆடி மாதம் தவறாமல் அந்த அம்மனுக்கு மாவிளக்குப் போடுகிறவர்.

"ஐயா, ஒண்ணு சொல்லணுங்க. ஜெபத்துக்குப் போற ஏழெட்டுக் குடும்பத்துக்காரங்க அதோ ரோட்டு மேலேயே நிக்கிறாங்க. கோயில் எடத்துக்குள்ளே வர அவங்களுக்கும் கூச்சம், வாங்கன்னு கூப்பிட நமக்கும் கூச்சம். தண்ணிக் கொழாய் அவங்களுக்குந்தானுங்களே? அடுத்த தபா பள்ளிக்கூடத்திலே வெச்சுக்கிட்டா என்னங்க?"

முன் வரிசையிலிருந்த ஒரு முதியவர் திரும்பிப் பார்த்தார். "எங்க பாட்டன் காலத்திலேருந்து நாயம் பேசற எடம் இதுதாம்மா. சாமி முன்னாலே பேசினாத்தான் பொய் வராது" என்றார்.

உத்தியோகஸ்தர் மைக்கைத் தம் பக்கம் இழுத்துக் கொண்டார். "நல்ல நாளும் அதுவுமாப் பிரச்சினை எதுக்கும்மா? ஊர் அமைதியா இருக்குது. உக்காருங்க."

அந்த அம்மாள் உட்காரவில்லை. நம்மைப் பார்த்து, "வாத்தியாரய்யா, நீங்க சொல்லுங்க" என்றார்.

நாமும் சொன்னோம். "இன்னிக்கு வேண்டாம்மா, அப்புறம் பேசிக்கலாம்" என்று சொன்னோம்! அவர் உட்கார்ந்தார். தீர்மானப் புத்தகத்தில் அவர் பேசியது ஒரு வரி கூட ஏறவில்லை.

கிராம சபையை மதச் சார்புள்ள எந்த வளாகத்திலும் நடத்தக் கூடாது என்று சர்க்காரே ஜில்லா அதிகாரிகள் மூலம் அறிவிப்புச் செய்து வந்திருக்கிறது. இது நமக்குத் தெரியாததல்ல, பத்திரிகையில் படித்ததுதான். அந்த அம்மாள் படித்ததில்லை. சாலையில் நின்றவர்களைப் பார்த்தே அவர் அதைத் தெரிந்து கொண்டுவிட்டார். படித்திருந்தும் வாய் திறவாத வாத்தியாரைப் பற்றி என்ன சொல்வது?

முதியவர் சொன்னதை நாம் அலட்சியமாகத் தள்ளிவிடவில்லை. மலையாளிகள் என்று பெயர் பெற்ற இந்த மலைவாசிகளுக்குத் தங்கள் ஊர்ப் பஞ்சாயத்தைத் தாங்களே நடத்திக் கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. தெய்வ சந்நிதியில் பொய் சொல்ல நாக் கூசும் என்பதும் மெய்தான். கோர்ட்டுகளில் சத்தியம் செய்துவிட்டுக் கூசாமல் பேசுகிறவர்களைப் பார்த்த பிறகு, புளிய மரத்தடியே மேல் என்று கூடத் தோன்றுகிறது. 1996-இல் பழங்குடிப் பிரதேசங்களுக்கென்று பார்லிமெண்டு செய்த பஞ்சாயத்துச் சட்டம், அங்கங்குள்ள சம்பிரதாயங்களைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே கொடுத்திருக்கிறது. ஆனால் அது அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் சேர்ந்த பிரதேசங்களுக்கு மட்டுமே. தமிழ் நாட்டில் அத்தகைய பிரதேசம் ஒன்று கூட இல்லை. ஆகவே ஜவ்வாது மலையில் கூடும் கிராம சபை, பாட்டன் காலத்து ஊர்ப் பஞ்சாயத்தின் வாரிசு அல்ல. அது சர்க்கார் சபை. ஊர்ப் பஞ்சாயத்து அம்மன் முன்னால் கூடட்டும்; யாரும் குறுக்கே நிற்கப் போவதில்லை. வாக்காளர் எல்லோருக்கும் சொந்தமான சபை கூடும் போதுதான், சாலையில் நிற்பவர் யார் என்ற கேள்வி எழுகிறது.

அன்றைய தினம் யாருடைய ஜயந்தியோ அந்த மகானுக்கும் இதே மாதிரி ஒரு சந்தர்ப்பம் வந்தது. 1947-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் வாரம். டில்லித் தோட்டிகள் குடியிருப்பில், வால்மீகி கோயிலை அடுத்த இடத்தில், மகாத்மா தினந்தோறும் பிரார்த்தனைக் கூட்டம் நடத்தி வந்தார். கீதையும் ஓதப்படும், குர்ஆன் வாசகங்களும் ஓதப்படும். ஒரு நாள் கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, இது ஹிந்துக் கோயில், இங்கே குர்ஆன் ஓதக் கூடாது என்றார். பஞ்சாப் பற்றி எரிந்து கொண்டிருந்த சமயம் அது. கூட்டத்தில் பெரும்பாலோர் மகாத்மாவின் பக்கம். ஆட்சேபித்தவரை வெளியே தள்ள அநேகர் தயாராக இருந்தார்கள். மகாத்மா அதற்குச் சம்மதிக்கவில்லை. ஒருவர் ஆட்சேபித்தாலும் பிரார்த்தனை இல்லை என்று நிறுத்திவிட்டார். அடுத்த நாளும் யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் மறுபடியும் நிறுத்தினார். ஆட்சேபித்தவர்கள் தாங்களாகவே விலகிய பிறகுதான் பிரார்த்தனை நடந்தது, குர்ஆனும் ஓதப்பட்டது. ஆட்சேபத்துக்காகக் குர்ஆனை மட்டும் கைவிட அவர் இணங்கவில்லை. ஆட்சேபித்தவரின் வாயை மூடவும் இணங்கவில்லை. இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யலாம் என்று நமக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

இவ்வளவு தெய்வ பக்தி உள்ள மகாத்மா, சர்க்கார் வேறு, மதம் வேறு என்பதில் சந்தேகத்துக்கு இடமின்றிப் பேசியவர். தாம் சர்வாதிகாரியாக இருந்தால் இரண்டையும் பிரித்தே வைப்பேன் என்ற கருத்தை 1946-இல் தமது ஹரிஜன் பத்திரிகையில் வெளியிட்டார். மூன்று வருஷங்களுக்குப் பின் அரசியல் நிர்ணய சபையிலும் இந்த விவாதம் எழுந்தது. 1949-ஆம் வருஷம் அக்டோபர் 17-ஆம் தேதி, அரசியல் சட்டத்தின் முகவுரையைக் கடவுள் பெயரால் ஆரம்பிக்க வேண்டுமென்று ஸ்ரீ எச். வி. காமத் பிரேரணை கொண்டு வந்தார். கடவுளை வாக்கெடுப்புக்கு விட வேண்டாம் என்று சிலர் கெஞ்சியும் அவர் விடவில்லை. திருவிதாங்கூர்த் தலைவர் பட்டம் தாணு பிள்ளை, தாம் நம்பிக்கை உள்ளவராயினும் இது நம்பிக்கை விஷயத்தில் பலவந்தமாகும் என்று எதிர்த்தார். பிரேரணைக்கு ஆதரவாக 41 வாக்குகள், எதிராக 68. தோற்கடித்தவர்களில் பெரும்பாலோர் காலையில் ஸ்நானம் செய்து பூஜை முடித்துவிட்டுச் சபைக்கு வந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்பது நம் ஊகம்.

டில்லியில் 68 பேர் கை தூக்கினார்கள் என்பதனால் நமது சிற்றூரில் ஒரு பெண்மணி பேசி முடித்துவிட முடியுமா? முடியவில்லை என்பதைத்தான் பார்த்தோம். சட்டம் டில்லியில் செய்யப்படுகிறது, "பிரச்சினை எதுக்கும்மா?" என்ற கேள்வி மேஜையடியில் கேட்கப்படுகிறது. மேஜைக்குத்தான் கை நீளம். இதற்கு மிகப் பெரிய திருஷ்டாந்தம் நம் தமிழ் நாட்டிலேயே, நாமக்கல்லில் நடந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஸ்ரீ பெருமாள்முருகன் அப்பொழுது நாமக்கல்லில் சர்க்கார் கல்லூரியில் தமிழாசிரியர். அவருடைய 'மாதொருபாகன்' என்ற நாவல் 2010-இல் வெளிவந்தது. திருச்செங்கோட்டு மலைமேல் கோயில் கொண்டிருக்கும் அர்த்தநாரீசுவரரின் திருநாமமே நாவலுக்குப் பெயர். சுமார் நூறு வருஷங்களுக்கு முந்திய காலத்தில், பிள்ளையில்லாத குடியானவத் தம்பதி ஒருவர் ஊராரின் ஏச்சுப் பேச்சுக்களால் படும் பாடுதான் கதை. தேர்த் திருவிழாவின் ஓர் இரவைப் பற்றிக் கதையில் வரும் செய்தி, கோயிலையும் தங்கள் குலப் பெண்களையும் இழிவு செய்கிறது என்று நாலு வருஷங்களுக்குப் பின் கிளர்ச்சி எழுந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் நாவலின் பிரதிகள் கொளுத்தப்பட்டன. 2015 ஜனவரி 9-ஆம் தேதி ஊரெங்கும் கடையடைப்பு.

புத்தகத்தைப் பிடிக்காதவர்கள் பிடிக்கவில்லை என்று சொல்ல அவர்களுக்கும் பாத்தியதை உண்டு. கடையை மூடுவதற்கும் உண்டு. படித்தால் மனம் புண்படுகிறவர்கள் உண்மையாகவே இருக்கிறார்கள் என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் ஜனவரி 12-ஆம் தேதி நடந்தது வேறு. நாமக்கல் கலெக்டர் காரியாலயத்தில் ஜில்லா வருவாய் அதிகாரி முன்னிலையில் "அமைதிப் பேச்சு வார்த்தை" என்று ஒன்று கூட்டினார்கள். கோர்ட்டு அல்ல, வழக்கு இல்லை, சாட்சி இல்லை. எழுத்தாளர் தம் வருத்தத்தைத் தெரிவித்து எழுதிக் கொடுத்தார். வருத்தம் போதாது, நிபந்தனையற்ற மன்னிப்பு என்று எழுத வேண்டும் என்றார்கள். அப்படியே எழுதினார். ஆட்சேபத்துக்குரிய பகுதிகளை நீக்குவதாகவும், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவதாகவும் கையெழுத்திட்டார். பிறகு வீட்டுக்குப் போய்ப் பெருமாள்முருகன் என்ற எழுத்தாளன் செத்துவிட்டான், இனி வெறும் ஆசிரியன் மட்டுமே மிஞ்சியிருக்கிறான் என்ற கருத்துப்பட முகநூலில் எழுதி வைத்தார்.

நாமும் ஆசிரியர்தான். அந்த வாக்கியத்தைப் படித்தபோது, வெறும் ஆசிரியன் என்றால் இவ்வளவுதானா என்று நமக்குச் சிறிது கோபங்கூட வந்தது. 2023 காந்தி ஜயந்திக்குப் பிறகு அந்தக் கோபம் போய்விட்டது.

ஒன்றரை வருஷத்துக்குப் பின், 2016 ஜூலை 5-ஆம் தேதி, சென்னை ஹைக்கோர்ட்டில் பிரதம நீதிபதி சஞ்சய் கிஷன் கௌலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் தீர்ப்பளித்தார்கள். கலெக்டர் காரியாலயத்தில் எழுதி வாங்கிய உடன்படிக்கை யாரையும் கட்டுப்படுத்தாது. நாவலின் மேல் தடை எதுவும் இல்லை. பிடிக்காதவர் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம். எழுத்தாளர் மீண்டும் எழுத வேண்டும் — இதுவே தீர்ப்பின் சாரம். எழுத்தாளர் உயிர்த்தெழுந்தார். அந்த வருஷமே கவிதை நூல் ஒன்றும், வெள்ளாட்டுக் குட்டி ஒன்றைக் கதாநாயகியாகக் கொண்ட நாவல் ஒன்றும் வெளியிட்டார். ஆட்டைப் பற்றி எழுதினால் யார் மனமும் புண்படாதல்லவா!

தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால் அதில் சொன்ன நியாயம் புதிதல்ல. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தைப் பற்றிய வழக்கில், ஊர்வலமும் கலகமும் வரும் என்ற பயத்துக்காகப் பேச்சுச் சுதந்திரத்தை நிறுத்தலாகாது, பேசுகிறவனுக்குப் பாதுகாப்பளிப்பதே சர்க்காரின் கடமை என்று 1989-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. இருபத்தைந்து வருஷம் கழித்து நாமக்கல் மேஜைக்கு அது எட்டவில்லை. அங்கே இருந்த அதிகாரி கெட்டவர் என்று நாம் நினைக்கவில்லை. ஊரில் கடை திறக்க வேண்டும், கலகம் கூடாது. ஆயிரம் பேர் ஒரு பக்கம், ஒருவர் ஒரு பக்கம். ஒருவரை உட்கார வைப்பது சுலபம். நம் பற்றாளரும் அதைத்தான் செய்தார். நாமும் அதைத்தான் செய்தோம்.

ஆசிரியர்களுக்கு இதைவிட நெருக்கமான வழக்கு ஒன்று கேரளத்தில் நடந்தது. யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்துவப் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள், பள்ளிக்கூடத்தில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். வருஷக் கணக்கில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. 1985-இல் சட்டசபை அங்கத்தினர் ஒருவர் கவனித்துச் சபையில் கிளப்பினார். குழந்தைகள் அவமரியாதை எதுவும் செய்யவில்லை என்று விசாரணையில் தெரிந்த பின்னரும், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரின் உத்தரவுப்படி தலைமையாசிரியை அவர்களை வெளியேற்றினார். 1986 ஆகஸ்டு 11-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பேசும் சுதந்திரத்துக்குள் பேசாமலிருக்கும் சுதந்திரமும் அடங்கும் என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி விளக்கினார். தேசிய கீதத்தைக் கேட்டால் மயிர்க்கூச்செறியும் ஜாதி நாம். இருந்தாலும் அந்தத் தலைமையாசிரியையின் நாற்காலியில் நம்மை வைத்துப் பார்க்கிறோம். உத்தரவை மறுத்திருப்போமா? மறுத்திருப்போம் என்று எழுத ஆசைதான்.

இந்தத் தொல்லை நம் தேசத்துக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் நியூ யார்க் ராஜ்யத்தைச் சேர்ந்த கிரீஸ் என்ற ஊரின் சபைக் கூட்டங்கள் பாதிரிமாரின் ஜெபத்துடன் தொடங்கி வந்தன. இரண்டு பெண்கள் ஆட்சேபித்து வழக்காடினார்கள். 2014-இல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு, ஐந்து நீதிபதிகளுக்கு நால்வர் மாறுபட, ஜெபம் செய்யலாம் என்று தீர்த்தது. 2022-இல் பாஸ்டன் நகரசபை வழக்கில், எல்லாச் சங்கங்களின் கொடியையும் ஏற்ற இடங்கொடுத்துவிட்டுக் கிறிஸ்துவக் கொடியை மட்டும் மறுத்தது தவறு என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாகச் சொன்னார்கள். கம்பம் நகரசபையுடையதுதான், ஆனால் வந்தவர்களுக்கெல்லாம் அதைத் திறந்துவிட்ட பின், பேசுவது நகரசபையா, கொடி ஏற்றுகிறவனா என்பதே கேள்வி. நம் புளிய மரத்தடியிலும் அதே கேள்விதான். அந்த அம்மாள் மாவிளக்குப் போடுவது அவருடைய பேச்சு. மைக்குக்குப் பொட்டு வைத்தது யாருடைய பேச்சு?

1968-இல், அண்ணாதுரை முதன் மந்திரியாயிருந்தபோது, சர்க்கார் காரியாலயங்களில் எந்த மதத்துத் தெய்வப் படமும் மாட்டலாகாது என்று சுற்றறிக்கை வந்தது. அது எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பதை, ஏதாவது ஒரு காரியாலயத்துக்கு ஆயுத பூஜைக்கு மறுநாள் போகிற நேயர்கள் தாங்களே பார்த்துக் கொள்ளலாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஒரு வாரம் கழித்து அந்தப் பெண்மணி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து, "அன்னிக்கு நான் சொன்னதைக் காகிதத்திலே எழுதிக் குடுங்க வாத்தியாரய்யா, பி.டி.ஓ. ஆபீசிலே குடுக்கப் போறேன்" என்றார். எழுதினோம். படித்துக் காட்டினோம். "இவ்விஷயத்தில் தங்களுக்கு ஏதேனும் மனவருத்தம் ஏற்பட்டிருப்பின் மன்னிக்கும்படி" என்று முடிவில் ஒரு வரி, பழக்க தோஷத்தால் சேர்த்திருந்தோம்.

"மன்னிப்பு எதுக்குங்க?" என்றார் அவர்.

அடித்தோம். மறுபடியும் படித்தோம். "சில குடும்பத்தினர் கலந்து கொள்ள இயலாமல்" என்ற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார். "சில குடும்பமில்லே. ஏழு குடும்பம். ரோட்டு மேலே நின்னாங்கன்னு எழுதுங்க." அப்படியே எழுதினோம். மூன்றாவது தடவை படித்த பின்பு, எழுத்துக் கூட்டித் தம் பெயரைக் கையெழுத்திட்டார். கீழே, எழுதியவர் என்று நம் பெயரையும் போடச் சொன்னார். பேனாவை வாங்குவதற்கு நமக்கு ஒரு கணம் பிடித்தது.

நவம்பர் 1-ஆம் தேதி கிராம சபை பள்ளிக்கூட மைதானத்தில் கூடியது. மனுவினாலா, அல்லது மேலிருந்து வந்த அறிவிப்பினாலா என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. முதியவர் வந்திருந்தார், முகத்தைத் திருப்பிக் கொண்டார். ஏழு குடும்பங்களில் ஐந்திலிருந்து வந்திருந்தார்கள். ஓரமாக உட்கார்ந்தார்கள், ஒன்றும் பேசவில்லை. குழாய் விஷயம் மறுபடியும் வந்தது. நம் பள்ளிக்கூடத்து வேப்ப மரம் சின்ன மரம். பதினொன்றரை மணிக்கெல்லாம் வெயில் ஜமக்காளத்தின்மேல் ஏறிவிட்டது. ஜனங்கள் நெருக்கிக் கொண்டு நிழல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்கள்.